சுகர் 118: ஊசி முனையிலிருந்து ரிப்போர்ட் வரை ஒரு லேப் வழிகாட்டி

ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி: குளுக்கோஸ், வெறும் வயிறு, 118 மி.கி./டெ.லி. டாக்டர் அதைப் பார்த்து ஒரு நிமிடத்தில் முடிவெடுத்துவிடுவார். அந்த 118-ஐ அச்சடிக்க லேபில் எங்களுக்கு ஒரு மணி நேரம் போயிருக்கும். நடுவில் எங்கே சறுக்கினாலும் 118 என்பது 98 ஆகலாம், 130 ஆகலாம். தாளில் மூன்றும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும்.

டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்துவிட்டு முதல்முறை லேபுக்குள் கால் வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடப் புத்தகத்தில் எல்லா டெஸ்டும் வரிசையாக இருக்கும். நான் ஒரே ஒரு டெஸ்டை எடுத்துக்கொள்கிறேன்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, செமி ஆட்டோ அனலைசரில் (பாதி வேலையை நாம் கையால் செய்யும் மிஷினில்), ஜி.ஓ.டி.-பி.ஓ.டி. (குளுக்கோஸ் ஆக்சிடேஸ்-பெராக்சிடேஸ்) முறையில். இது கைவந்துவிட்டால் யூரியா, கொலஸ்ட்ரால், ஆல்புமின் எல்லாம் ரீஏஜென்ட்டும் (சாம்பிளோடு கலக்கும் வேதிக் கரைசல்) நிறமும் மாறின அதே வேலைதான். என்சைம் டெஸ்டுகள் மட்டும் வேறு ரகம். அதைக் கடைசிக்கு முன்னால் சொல்கிறேன்.

படி 1: ஊசி போடும் முன்

"சாப்பிடாமத்தானே வந்தீங்க?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "கடைசியா எப்போ, என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். அப்போதுதான் "காலைல ஒரு டம்ளர் காபி மட்டும், அது சாப்பாடா?" என்று வெளியே வரும். குறைந்தது 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது.

பெயர் விஷயத்திலும் இதே தந்திரம்தான். "நீங்கதானே செல்வி?" என்றால் காது சரியாகக் கேட்காத பாட்டிகூடத் தலையாட்டுவார். "உங்க பேரு என்னம்மா?" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். லேபிளை ரத்தம் எடுத்த கையோடு, அவர் எதிரிலேயே ஒட்டுங்கள். முன்கூட்டியே ஒட்டி வைத்த காலி டியூப்புகள்தான் ஆள் மாறாட்டத்தின் பிறப்பிடம்.

கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். அதற்கு மேல் போனால் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்து, புரதமும் கால்சியமும் கூடுதலாகக் காட்டும். கையை மூடி மூடித் திறக்கச் சொல்வது நம் ஊரில் எல்லோரும் செய்வது. அது பொட்டாசியத்தை ஏற்றிவிடும். குளுக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும் கையில் மட்டும் தவறியும் குத்தாதீர்கள். சுகர் 600 வரும், வார்டே பதறும்.

படி 2: எந்த மூடி, எந்த வரிசை

சர்க்கரைக்குச் சாம்பல் மூடி. உள்ளே சோடியம் ஃப்ளோரைடும், ரத்தம் உறையாமல் இருக்க பொட்டாசியம் ஆக்சலேட்டோ இ.டி.டி.ஏ.வோ இருக்கும். சிவப்பு, மஞ்சள் மூடி சீரத்துக்கு (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்). ஊதா மூடியில் இ.டி.டி.ஏ., அது ரத்த அணு எண்ணிக்கைக்கும் ஹெச்பிஏ1சி-க்கும் (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை). வெளிர்நீலம் சிட்ரேட், உறைதல் சோதனைக்கு. ஒரே குத்தில் பல டியூப் நிரப்பும்போது வரிசை இது: வெளிர்நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை (ஹெப்பாரின்), ஊதா, கடைசியில் சாம்பல். ஒரு டியூப்பின் மருந்து ஊசி வழியாக அடுத்த டியூப்பைத் தொட்டாலும் கெடுதல் வராத வரிசை.

இந்த வரிசையை மனப்பாடம் செய்தவர்கள்கூட ஏன் என்று யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை, ஒரு நாள் மாலை வரைக்கும். ஒருவரின் ரிசல்ட்டில் பொட்டாசியம் 11.2, கால்சியம் 3.1, ஏ.எல்.பி. (ஒரு என்சைம்) 12. இந்த மூன்றும் உண்மையென்றால் அந்த ஆள் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. எட்டிப் பார்த்தேன். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டதும், "சிவப்புல ரத்தம் கம்மியா இருந்துச்சுக்கா, ஊதாவுல இருந்து கொஞ்சம் ஊத்திட்டேன்" என்றாள்.

நாம் வாங்கும் ஊதா டியூப்பில் இருப்பது இ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. அதனால் பொட்டாசியம் எகிறியது. இ.டி.டி.ஏ. கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். அதனால் கால்சியம் விழுந்தது. ஏ.எல்.பி. வேலை செய்யத் துத்தநாகமும் மக்னீசியமும் வேண்டும், அதையும் அது பிடுங்கிக்கொண்டது. பொட்டாசியம் மேலே, கால்சியமும் ஏ.எல்.பி.யும் கீழே. இந்த மூன்றையும் சேர்ந்து பார்த்தால் மிஷினைச் சந்தேகிக்காதீர்கள், டியூப்பைச் சந்தேகியுங்கள்.

படி 3: கடிகாரம் ஓடுகிறது

ரத்தம் உடம்பை விட்டு வந்த பிறகும் அதிலுள்ள செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றுக்குப் பசிக்கும். எதிரே இருக்கும் சர்க்கரையைத்தான் சாப்பிடும். பிரிக்காமல் வெளியே வைத்த ரத்தத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் குறையும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். கிராமத்து முகாமில் காலை 7 மணிக்கு எடுத்த ரத்தம், சாதாரணச் சிவப்பு டியூப்பில், பஸ் ஏறி லேபுக்கு வரும்போது 12 மணி. உண்மையான அளவு 132, அதாவது சர்க்கரை நோய். மணிக்கு 6 சதவீதம் வீதம் ஐந்து மணி நேரம் போனால் மிஞ்சுவது 97. "நார்மல்" என்று சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இப்படித் தப்பிப்போன நோயாளி திரும்பி வந்து நம்மைத் திட்டுவதுகூட இல்லை. அதனால்தான் இந்தத் தப்பு யார் கண்ணிலும் படாமல் தொடர்கிறது.

ஃப்ளோரைடு இருந்தால் கவலையில்லை என்றும் இருந்துவிடாதீர்கள். சர்க்கரை உடையும் பாதையில் கடைசிக்குச் சற்று முன்னால் வரும் ஈனோலேஸ் என்ற என்சைமைத்தான் அது நிறுத்துகிறது. முன்வாசல் கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும், முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டேதான் போகும். ஆகவே சாம்பல் மூடியாக இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுழற்றும் மிஷினில்) சுற்றிப் பிளாஸ்மாவை (செல் நீங்கிய ரத்த நீரை) பிரித்துவிடுங்கள். முடியாவிட்டால் ஐஸில் வையுங்கள். டியூப்பை நிரப்பியதும் எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள். குலுக்கினால் சிவப்பணு உடையும்.

சென்ட்ரிஃப்யூஜில் "3000 ஆர்.பி.எம்., 10 நிமிடம்" என்று சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும் சொன்னால் போதாது, டியூப்பைத் தாங்கிச் சுழலும் ரோட்டரின் கை நீளமும் வேண்டும். 15 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் 3000 சுற்று என்பது புவியீர்ப்பைப் போல் சுமார் 1500 மடங்கு. சின்ன ரோட்டரில் அதே 3000 சுற்றுக்கு அவ்வளவு விசை கிடைக்காது. சீரம் டியூப் என்றால் சுற்றுவதற்கு முன் அரை மணி நேரம் உறைய விடுங்கள். அவசரப்பட்டால் சீரத்தில் நூல் நூலாக ஃபைப்ரின் மிதக்கும், அது மிஷினின் குழாயை அடைக்கும்.

படி 4: கண்ணால் பாருங்கள்

மிஷினுக்குக் கொடுக்கும் முன் டியூப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். வைக்கோல் நிறம் என்றால் சரி. பால் மாதிரி இருந்தால் கொழுப்பு, ஒளி சிதறும். கடும் மஞ்சள் என்றால் பிலிருபின். பீட்ரூட் தண்ணீர் மாதிரி இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். எல்.டி.ஹெச்., ஏ.எஸ்.டி. ஆகிய என்சைம்களும் உள்ளே குவிந்து கிடக்கின்றன. அப்படிப்பட்ட சாம்பிளில் பொட்டாசியம் 6.4 என்று எழுதிக் கொடுப்பதைவிட, மறுபடி ஒரு குத்து வாங்கித் திட்டு வாங்குவது மேல்.

படி 5: நிறத்தை எண்ணாக்குவது

ரோஸ் சர்பத் கலக்கும் கடையில் நிற்கிறீர்கள். எசன்ஸ் கூட ஊற்றினால் நிறம் ஏறும், குறைத்தால் வெளுக்கும். நிறத்தைப் பார்த்தே எவ்வளவு ஊற்றியிருக்கிறான் என்று சொல்லிவிடுவோம். கிளினிக்கல் கெமிஸ்ட்ரியில் பாதி இதுதான். அளக்க வேண்டிய பொருளுக்கு நிறமில்லை என்றால் நிறம் வரும்படி ஒரு வினையைச் செய்ய வைக்கிறோம்.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம் குளுக்கோஸைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பெராக்சிடேஸ் அந்தப் பெராக்சைடை வைத்து ஃபீனாலையும் 4-அமினோஆன்டிபைரினையும் இணைக்கும், இளஞ்சிவப்பு நிறம் பிறக்கும். 1969-இல் டிரிண்டர் வெளியிட்ட முறை இது. சிவப்பு நிறம் பச்சை ஒளியை விழுங்கும் என்பதால் 505 நானோமீட்டரில் அளக்கிறோம்.

இங்கே ஒரு சூட்சுமம். ஒளியில் எத்தனை சதவீதம் கடந்து வந்தது என்பதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. ஒரு பங்கு நிறம் ஒளியைப் பாதியாக்கி 50 சதவீதம் விடுகிறது என்று வையுங்கள். இரண்டு பங்கு 25 விடும், மூன்று பங்கு 12.5 விடும். 50, 25, 12.5 என்பது நேர்கோடு அல்ல. 100-ஐ இவை ஒவ்வொன்றாலும் வகுத்து லாகரிதம் எடுத்தால் 0.301, 0.602, 0.903. இப்போது சம இடைவெளி வந்துவிட்டது. இதைத்தான் அப்சார்பன்ஸ் என்கிறோம். செறிவு இரட்டித்தால் அப்சார்பன்ஸும் இரட்டிக்கும் என்பது பீர்-லாம்பர்ட் விதி. அப்சார்பன்ஸ் 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் வந்து சேர்கிறது. அந்த மங்கலில் மிஷினும் தடுமாறும்.

படி 6: கையை வைத்துச் செய்வது

நான்கு டியூப். எல்லாவற்றிலும் ரீஏஜென்ட் 1000 மைக்ரோலிட்டர். ஒன்று பிளாங்க், ரீஏஜென்ட் மட்டும். இன்னொன்றில் ஸ்டாண்டர்டு (டெ.லி.க்கு 100 மி.கி. என்று அளவு தெரிந்த குளுக்கோஸ் கரைசல்) 10 மைக்ரோலிட்டர். மற்ற இரண்டில் கண்ட்ரோலும் (வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கத் தினமும் ஓட்டும் சோதனைச் சாம்பிள்) நோயாளியின் பிளாஸ்மாவும் 10 மைக்ரோலிட்டர் வீதம். 37 டிகிரியில் 10 நிமிடம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ரீஏஜென்ட்டை அறை வெப்பத்துக்கு வர விட்டீர்களா? வராவிட்டால் பத்து நிமிடத்தில் வினை முடியாது.

பிளாங்கில் பூஜ்யம் வைத்துவிட்டுப் படித்தால்: ஸ்டாண்டர்டு 0.312, கண்ட்ரோல் 0.298, நோயாளி 0.368.

0.368-ஐ 0.312-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 117.9, அதாவது 118. கண்ட்ரோல் 95.5. அவ்வளவுதான் கணக்கு. மிஷின் தானாகப் போட்டுவிடும், ஆனாலும் முதல் மாதம் கையால் போட்டுப் பாருங்கள். நாம் குளுக்கோஸை நேரடியாக அளக்கவில்லை, ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கும். ஸ்டாண்டர்டு பாட்டிலில் ஈ விழுந்தால் அன்றைக்கு வந்த அத்தனை பேர் சர்க்கரையும் தப்பு.

ஒப்பீட்டில் ஒரு வசதியும் உண்டு. உங்கள் பிப்பெட் 10-க்குப் பதில் 10.5 எடுக்கிறது என்றால், ஸ்டாண்டர்டுக்கும் நோயாளிக்கும் அதே பிப்பெட்டைப் பயன்படுத்தும்வரை அந்தப் பிழை வகுத்தலில் அடிபட்டுப் போகும். அடிபடாத பிழை எது தெரியுமா? டிப்பின் வெளிப்புறத்தில் தொங்கும் துளி. நோயாளியின் டியூப்பில் மட்டும் ஒரு மைக்ரோலிட்டர் கூடப் போனால் 118 என்பது 130 ஆகும். 126-ஐத் தாண்டிவிட்டது. ஒரு துளியால் ஒரு மனிதர் சர்க்கரை நோயாளி. டிப்பை டியூப்பின் விளிம்பில் தொட்டு எடுங்கள், டிஷ்யூவால் முனையைத் தொடாமல் பக்கவாட்டை மட்டும் துடையுங்கள். பிப்பெட்டை மாதம் ஒருமுறை நுண் தராசில் சோதியுங்கள். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 100 மில்லிகிராம் நிற்க வேண்டும்.

கிட்டோடு வரும் தாளில் எதுவரை நேர்கோடு என்று போட்டிருக்கும், பெரும்பாலும் 400 அல்லது 500. அதைத் தாண்டினால் சாம்பிளைச் சம அளவு சலைனில் கலந்து மறுபடி ஓட்டி இரண்டால் பெருக்குங்கள். மிக உயர்ந்த சாம்பிளுக்குப் பின் உடனே குறைந்த சாம்பிள் போடும்போது குழாயை ஒருமுறை கழுவுங்கள். நிறைய வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த முறையில் குறைத்துக் காட்டலாம், ஏனென்றால் அது பெராக்சைடை நிறமாகும் முன்பே தின்றுவிடும்.

படி 7: கண்ட்ரோல் என்ன சொல்கிறது

கண்ட்ரோல் 95.5 வந்தது. நல்லதா, கெட்டதா? அது தெரிய முன்கதை வேண்டும். அதே கண்ட்ரோலை 20 நாள் ஓட்டிச் சராசரியும் எஸ்.டி.யும் (ஸ்டாண்டர்டு டீவியேஷன், சராசரியிலிருந்து அளவுகள் சிதறும் அளவு) கண்டிருக்க வேண்டும். நம் உதாரணத்தில் சராசரி 96, எஸ்.டி. 3. எஸ்.டி.யைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாக்கினால் சி.வி. சுமார் 3. ஆக 90 முதல் 102 வரை 2 எஸ்.டி., 87 முதல் 105 வரை 3 எஸ்.டி. இந்தக் கோடுகளைப் போட்டுத் தினமும் ஒரு புள்ளி வைக்கும் வரைபடத்தைத் தொழிற்சாலைகளிலிருந்து லேபுக்குக் கொண்டுவந்தவர்கள் லெவியும் ஜென்னிங்ஸும், 1950-இல். எந்தப் புள்ளிக்குப் பயப்பட வேண்டும் என்று 1981-இல் விதிகள் வகுத்தவர் வெஸ்ட்கார்டு.

ஒரு நாள் 103 வந்தால் எச்சரிக்கை மட்டுமே. எல்லாம் சரியாக இருந்தாலும் இருபதில் ஒரு புள்ளி 2 எஸ்.டி.க்கு வெளியே விழத்தான் செய்யும். 106 வந்தால் ரிப்போர்ட்டை நிறுத்துங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே பக்கம் 2 எஸ்.டி.யைத் தாண்டினாலும் நிறுத்துங்கள். பத்து நாளாகச் சராசரிக்கு ஒரே பக்கமாகவே விழுந்துகொண்டிருந்தால் எல்லாம் எல்லைக்குள் இருந்தாலும் ஏதோ நகர்ந்துவிட்டது. திடீரென்று ஏறி அங்கேயே நின்றால் புது லாட் ரீஏஜென்ட்டையோ ஸ்டாண்டர்டையோ பாருங்கள். மெல்ல மெல்லச் சரிந்தால் பல்பு வயதாகிறது அல்லது ரீஏஜென்ட் கெட்டுக்கொண்டிருக்கிறது.

நான் பார்த்த பெரிய பாவம், எல்லைக்குள் வரும்வரை கண்ட்ரோலைத் திரும்பத் திரும்ப ஓட்டி, உள்ளே வந்த ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வது. அதற்குக் கண்ட்ரோல் வாங்கும் காசுக்கு பிரியாணி சாப்பிடலாம்.

கண்ட்ரோல் தூளைக் கரைப்பதும் ஒரு கை வேலை. 5 மி.லி. என்றால் சிரிஞ்சில் தோராயமாக அல்ல, வால்யூமெட்ரிக் பிப்பெட்டில் 5.0. ரப்பர் மூடியை மெதுவாகத் திறங்கள், தூள் பறக்கும். தண்ணீரை ஓரமாக விடுங்கள், நுரை எழும்படி குலுக்காமல் சுழற்றுங்கள், அரை மணி காத்திருங்கள். பிறகு சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். கரைத்ததை மறுபடி மறுபடி உறைய வைக்காதீர்கள்.

தினமும் ஒரே அளவு காட்டுவது வேறு, சரியான அளவு காட்டுவது வேறு. எப்போதும் 50 கிராம் கூடக் காட்டும் கடைத் தராசு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, ஆனால் தப்பாக. அதை வெளியாள் எடைக்கல் கொண்டுவந்து வைத்தால்தான் பிடிக்க முடியும். லேபுக்கு அந்த வெளி எடைக்கல், வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவ உயிர்வேதியியல் துறை நடத்துவதைப் போன்ற வெளித் தர மதிப்பீட்டுத் திட்டங்கள். மாதாமாதம் விடை தெரியாத சாம்பிளை ஓட்டி அனுப்பினால், அதே முறையைப் பயன்படுத்தும் மற்ற லேபுகளோடு நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

படி 8: என்சைம் என்றால் வேறு கணக்கு

எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் என்சைம்) எவ்வளவு இருக்கிறது என்று நாம் அளப்பதில்லை, எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளக்கிறோம். கடைசி நிறத்தைப் பார்ப்பதற்குப் பதில் 340 நானோமீட்டரில் என்.ஏ.டி.ஹெச். (வினையில் செலவாகும் ஒரு ரீஏஜென்ட் பொருள்) நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். 1.842, 1.812, 1.783, 1.753 என்று நான்கு அளவுகள் வந்தால், நிமிடத்துக்கு 0.0297 குறைகிறது. ரீஏஜென்ட் 1000, சாம்பிள் 100 மைக்ரோலிட்டர் என்றால் பெருக்கெண் 1768, என்.ஏ.டி.ஹெச்.சின் 6.22 என்ற ஒளி உறிஞ்சும் எண்ணிலிருந்து வருவது. விடை லிட்டருக்கு 52 யூனிட்.

இதில் ஒரு பொறி. மஞ்சள் காமாலை உச்சத்தில் இருக்கும் ஒருவருக்கு எஸ்.ஜி.பி.டி. 20 என்று வந்தால் நம்பாதீர்கள். என்சைம் அவ்வளவு அதிகமாக இருந்து, முதல் அளவு எடுப்பதற்குள் என்.ஏ.டி.ஹெச். முழுக்கத் தீர்ந்திருக்கும், அதற்குப் பின் குறைய ஒன்றுமில்லை. முதல் அப்சார்பன்ஸைப் பாருங்கள். 1.8 இருக்க வேண்டிய இடத்தில் 0.4 இருந்தால் சாம்பிளைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டுங்கள்.

படி 9: எழுதிக் கொடுப்பது

118 என்று எழுதுகிறோம். 117.9 என்று எழுத வேண்டாம். நம் சி.வி. 3 சதவீதம் என்றால் அந்த 118-க்கு இருபுறமும் சுமார் 7 ஆட்டம் உண்டு. தசம புள்ளிக்குப் பின் எழுதுவது நமக்கு இல்லாத துல்லியத்தைக் காட்டிக்கொள்வது. போன வாரம் 118, இந்த வாரம் 122 என்று கவலையோடு வருகிறவரிடம் இரண்டும் ஒன்றுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். 100 முதல் 125 வரை முன் நீரிழிவு, 126-உம் அதற்கு மேலும் நீரிழிவு என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் எல்லை. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு அளவை வைத்து முத்திரை குத்தாமல் இன்னொரு முறை உறுதிசெய்யச் சொல்வதும் அதனால்தான்.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் மகன் அங்கே எடுத்த ரிப்போர்ட்டை அனுப்பி "எனக்கு 6.6 தான், அப்பாவுக்கு ஏன் 118?" என்று கேட்பார். அங்கே அளவு மில்லிமோல்/லிட்டரில். 118-ஐ 18-ஆல் வகுத்தால் 6.6, இருவருக்கும் ஒரே சர்க்கரை. கிரியாட்டினினை 88.4-ஆல் பெருக்கினால் அவர்கள் ஊர் அளவு வரும்.

"நார்மல் ரேஞ்ச்" என்பது ஆரோக்கியமானவர்களில் நடுவில் இருக்கும் 95 சதவீதம் பேரின் அளவு. நூறில் ஐந்து நல்லவர்கள் வெளியேதான் இருப்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் உள்ள முழு உடல் பரிசோதனையில், முழு ஆரோக்கியமானவருக்கும் குறைந்தது ஒன்றாவது தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு. பேக்கேஜ் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டு குளுக்கோமீட்டர் 131 காட்டியது, நீங்கள் 118 என்கிறீர்களே என்று சண்டைக்கு வருவார்கள். அந்தக் கருவிகளுக்கான 2013-ஆம் ஆண்டு சர்வதேசத் தரமே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை வித்தியாசத்தை ஏற்கிறது. 118-க்கு அது 100 முதல் 136 வரை. இரண்டும் சரிதான் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பொட்டாசியம் 6.5, சுகர் 40 போன்ற ஆபத்தான எண்கள் என்றால் அச்சாகும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். சொன்ன எண்ணை அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், நேரத்தைக் குறித்துவையுங்கள்.

படி 10: டியூப்பைப் போடும் முன்

ரிப்போர்ட் போனதும் சாம்பிளைத் தூக்கிப் போடாதீர்கள். மூடியோடு ஃப்ரிட்ஜில் அடுத்த நாள் வரையாவது இருக்கட்டும். பிரித்த பிளாஸ்மா இருந்தால் சந்தேகம் வரும்போது மறுபடி ஓட்டிவிடலாம், செல்லோடு விட்ட ரத்தம் அதற்கு உதவாது. நாள் முடிந்ததும் கிருமிநீக்கம் செய்த பிளாஸ்டிக் டியூப் சிவப்புப் பைக்கு, கண்ணாடி நீலப் பெட்டிக்கு, ஊசி வெள்ளை நிறத் துளைபடா டப்பாவுக்கு. ஃப்ரிட்ஜ் வெப்பநிலையை நோட்டில் எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள்.